உங்கள் தோட்டத்துப் படங்களைப் போடுங்கள், பூவோடு இலையும் தெரியட்டும்

மாடிப்பந்தல் | மதுரை | ஆகஸ்ட் 8, இரவு 11.50

எல்லோருக்கும் வணக்கம். தூங்கப் போகும் நேரம்தான், ஆனால் இதைப் போடாமல் தூக்கம் வராது. எங்கள் மாடியில் பிரம்ம கமலம் பூத்துவிட்டது!

படம் 1: இரவு 8.10. மொட்டு வாய் திறக்கிறது. செடியும் சேர்ந்து தெரிகிறது.
படம் 2: 9.30. பாதி விரிந்த நிலை.
படம் 3: 10.45. முழுப் பூ, கிட்டத்தில்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்தி வீட்டிலிருந்து ஒரு இலையை ஒடித்து வந்து, நாலு நாள் நிழலில் காயவைத்து நட்டது. இத்தனை நாளும் இலைமேல் இலையாக விட்டுக்கொண்டே இருந்ததே தவிர, ஒரு மொட்டுகூட வைக்கவில்லை. ஜூலை நடுவில் ஒரு இலையோரப் பள்ளத்தில் மிளகு அளவுக்குச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பூச்சி என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். நல்லவேளை, அம்மா தடுத்துவிட்டார்.

நேற்று வரை தலை கவிழ்ந்து தொங்கிய மொட்டு, இன்று சாயங்காலம் கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டது. எட்டு மணிக்கு நுனியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வழி விட்டது. அப்புறம் வெளியிலிருக்கும் இளஞ்சிவப்பு இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் மடிய, உள்ளே இருந்த வெள்ளை விரிந்துகொண்டே போனது. மணம் மாடிப்படி வரைக்கும் இறங்கியது. பக்கத்து வீட்டுப் பாட்டி முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வந்து, கைகூப்பி நின்றுவிட்டுப் போனார்.

ஒரு சந்தேகம். படம் 3-ஐப் பாருங்கள். பூ வெள்ளை வெளேரென்று அடித்துப் போயிருக்கிறது. இதழில் ஓடும் நரம்பு கண்ணுக்குத் தெரிந்தது, படத்தில் இல்லை. இன்னொரு மொட்டு இருக்கிறது, இரண்டு வாரத்தில் விரிந்துவிடும் என்று நினைக்கிறேன். அதையாவது ஒழுங்காக எடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே உங்கள் வீட்டில், நீங்கள் போன இடத்தில் பூத்ததையும் இந்த இழையில் போடுங்கள்.

பூக்காரவீதி | ஸ்ரீரங்கம் | ஆகஸ்ட் 9, காலை 6.15

கண் விழித்ததும் இந்தப் படம்தான் பார்த்தேன். ரொம்பச் சந்தோஷம் அக்கா. இப்போது எப்படி இருக்கிறது?

மாடிப்பந்தல் | ஆகஸ்ட் 9, காலை 6.40

வாடித் தொங்கிவிட்டது. ஈரத்துணி மாதிரி. அதையும் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வெளிச்சம் | சென்னை | ஆகஸ்ட் 9, காலை 9.05

அக்கா, ஃபிளாஷ் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைப் பூவுக்கு அது ஆகவே ஆகாது. அடுத்த மொட்டுக்கு இப்படிச் செய்து பாருங்கள்.

திரையில் பூவின் மேலேயே விரலால் ஒரு தட்டு. பக்கத்தில் சின்னதாகச் சூரியன் குறி வரும், அதைக் கீழே இழுங்கள். படம் இருட்டாகிவிட்டதே என்று தோன்றும். அந்த இருட்டுதான் வேண்டும். இருட்டாக எடுத்ததைப் பிறகு கொஞ்சம் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன இடத்தில் மீட்டெடுக்க ஒன்றுமே மிச்சம் இருக்காது.

டார்ச்சை நேருக்கு நேர் அடிக்காதீர்கள். பக்கவாட்டில் இருந்து, அதுவும் ஒரு பழைய வெள்ளை வேட்டித்துணியை இரண்டாக மடித்து அதன் வழியாக வெளிச்சம் விழட்டும். அப்போதுதான் நரம்பின் ஒரு பக்கம் நிழல் விழுந்து மேடு பள்ளம் தெரியும். நைட் மோடு இரண்டு மூன்று செகண்டு எடுத்துக்கொள்ளும், கையில் பிடித்தால் ஆடிவிடும். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வையுங்கள், டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் ஃபோகஸ் பிடிக்காது. ஒரு அடி பின்னால் வந்து சூம் செய்வது மேல்.

இலைமறை | கோவை | ஆகஸ்ட் 9, காலை 11.30

அழகான படங்கள் அம்மா. பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டுமா? முப்பது வருஷம் தாவரவியல் வகுப்பெடுத்தவன், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

இது நிஷாகந்தி. மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எபிஃபில்லம் ஆக்சிபெட்டலம் என்பது தாவரவியல் பெயர். கள்ளிக் குடும்பம், சொந்த ஊர் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். நீங்கள் ஒடித்து நட்டது இலை அல்ல, தட்டையான தண்டு. ஓரத்துப் பள்ளத்திலிருந்து மொட்டு வருவதன் காரணம் அதுதான். பிரம்ம கமலம் என்ற பெயருக்கு உரிய பூ இமயமலையில், மரங்கள் வளராத உயரத்தில் இருக்கிறது. உத்தராகண்ட் மாநிலப் பூ. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் உறவே கிடையாது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம். உங்கள் படம் 3 மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். டிராகன் பழச் செடியின் பூவும் ராத்திரியில்தான் விரியும், வெள்ளையாக, இதேபோல் பெரிதாக. அதன் தண்டு மூன்று பட்டையாக இருக்கும், உங்களுடையது தட்டை. படம் 1-ல் தண்டு தெரிந்ததால் சந்தேகமே எழவில்லை. எல்லோருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பூவை எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள், கூடவே இலை, தண்டு தெரிய ஒரு படம், முழுச் செடியாக ஒரு படம். எந்த மாதம் என்றும் எழுதிவிடுங்கள்.

மாடிப்பந்தல் | ஆகஸ்ட் 9, பிற்பகல் 2.10

மிக்க நன்றி ஐயா. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த இமயமலைப் பூவை யாராவது படம் எடுத்திருந்தா காட்டச் சொல்லு" என்கிறார். யாரிடமாவது இருக்கிறதா?

நடைவழி | சேலம் | ஆகஸ்ட் 9, இரவு 8.45

இருக்கிறது! போன வருஷம் ஆகஸ்ட் கடைசியில் உத்தராகண்ட் மலையில் இருக்கும் சீக்கியத் தலமான ஹேம்குண்ட் சாகிப் ஏறும்போது எடுத்தது. மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் அதே காங்கரியாவிலிருந்து பிரிகிற பாதை.

படம்: பாறை இடுக்கில் மூன்று செடிகள், பின்னால் மூட்டம்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள், வெளியில் வெளிர் மஞ்சளாகக் காகிதம் மாதிரி மூடியிருப்பது இதழ் இல்லை, உறை போன்ற இலைகள். உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் சின்னச் சின்னதாகக் கொத்தாக இருப்பதுதான் பூக்கள். அந்தக் குளிரில் பூவுக்குப் போர்வை போர்த்திய மாதிரி இருந்தது. கோவில்களுக்குச் சாத்த நிறையப் பறிப்பதால் பாதையோரத்தில் குறைந்துவிட்டது என்று எங்களோடு வந்த உள்ளூர்ப் பையன் சொன்னான். நாங்கள் பார்த்தது எல்லாமே எட்டாத பாறை மேல்தான்.

மாடிப்பந்தல் | ஆகஸ்ட் 9, இரவு 9.20

அம்மா போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நன்றி நடைவழி.

பூக்காரவீதி | ஆகஸ்ட் 11, காலை 7.30

படம்: மஞ்சள் பூ, கிட்டத்தில்.

ஐயா, எங்கள் தெரு முனையில் புதிதாகப் பூத்திருக்கிறது. ஆவாரம்பூதானே? மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. காயவைத்துத் தேநீர் போடலாம் என்று பறித்து வைத்திருக்கிறேன்.

இலைமறை | ஆகஸ்ட் 11, காலை 8.00

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. இப்போதைக்கு எதுவும் போட வேண்டாம். இந்தப் படத்தில் ஐந்து மஞ்சள் இதழும் வளைந்த மகரந்தத் தாளும் மட்டும் தெரிகின்றன. சரக்கொன்றை, ஆவாரை, சாலையோரத்தில் நட்டு வைக்கும் வெளிநாட்டுக் கொன்றைகள் எல்லாமே கிட்டத்தில் இப்படித்தான் இருக்கும்.

மறுபடி போய் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மரமா, இடுப்பளவு புதரா? இரண்டு, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காது மாதிரி வட்டமாகச் சின்ன இலை ஒட்டிக்கொண்டிருக்கிறதா? ஆவாரையின் தாவரவியல் பெயரிலேயே காதுடையது என்ற பொருள் இருக்கிறது. அந்தக் காது இருந்தால், சிற்றிலைகளின் நுனி மழுங்கி எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி வரை இருந்தால், காய் தட்டையாகக் காகிதம் போல இருந்தால் ஆவாரை.

பூக்காரவீதி | ஆகஸ்ட் 11, மாலை 5.50

படங்கள்: முழு மரம், இலை, காம்பின் அடி.

மரம்தான் ஐயா. ஒரு மாடி உயரம். காது இல்லை. பறித்ததைச் செடிகளுக்கு உரமாகப் போட்டுவிட்டேன். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது கையில் வாங்கிப் பழகிய பூ, எனக்குத் தெரியாதா என்று நினைத்திருந்தேன். இவ்வளவு நாளாக அந்தக் காதைப் பார்த்ததே இல்லை.

வெளிச்சம் | ஆகஸ்ட் 11, இரவு 10.00

மஞ்சள் பூ என்றதும் ஞாபகம் வந்தது. மசினகுடி போயிருந்தபோது எடுத்தது, என் படங்களிலேயே அதிகம் பேர் பாராட்டியது இதுதான்.

படம்: சாலையின் இரண்டு பக்கமும் காடு முழுக்க மஞ்சள், நடுவில் ஒரு மான்.

இலைமறை | ஆகஸ்ட் 12, காலை 6.30

தம்பி, படம் மிக நன்றாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்க வருத்தமாகவும் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த மஞ்சள், சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்ற மரம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவந்தது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுக்குள் புகுந்து பரவிவிட்டது. அதன் அடியில் புல் முளைப்பதில்லை. புல் இல்லையென்றால் உங்கள் படத்தில் நிற்கிறதே மான், அதற்குத் தீனி இல்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும். அதனால் வேரோடு பிடுங்குகிறார்கள், பெரிய மரங்களுக்குப் பட்டையை உரித்து விடுகிறார்கள். வனத்துறை அகற்றும் மரங்களைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கூழுக்கு எடுத்துக்கொள்கிறது.

படத்தை நீக்க வேண்டாம். அடியில் இந்த மரத்தின் பெயரையும் கதையையும் நாலு வரி சேருங்கள். பாராட்டியவர்கள் அத்தனை பேரும் படிப்பார்கள்.

வெளிச்சம் | ஆகஸ்ட் 12, காலை 9.40

சேர்த்துவிட்டேன் ஐயா. எழுதும்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மானின் காலடியில் வெறும் சருகுதான் கிடக்கிறது. எடுத்த அன்று அதைக் கவனிக்கவில்லை.

போடிமெட்டு | போடிநாயக்கனூர் | ஆகஸ்ட் 13, இரவு 9.15

ரொம்ப நாளாக இதை எழுத நினைத்திருந்தேன், இந்த இழை சரியான இடமாகத் தெரிகிறது.

2022 அக்டோபரில் கேரளாவில் சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறை மலையில் நீலக்குறிஞ்சி பூத்தது. எங்களுக்குப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டினால் வந்துவிடும். ஆரம்பத்திலேயே போய்விட்டேன். காலை ஆறரை மணி, பனி அப்போதுதான் விலகுகிறது. மலைச்சரிவு முழுக்க ஊதா. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் சின்ன மணி, உள்ளே வெளிறி, விளிம்பில் நிறம் கூடி இருந்தது. தேனீக்கள் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. இருபது படம் எடுத்து, போகும் வழி, வண்டி நிறுத்தும் இடம், எங்கிருந்து ஏற வேண்டும் எல்லாம் எழுதி நண்பர்கள் குழுவில் போட்டேன். அது எத்தனை கை மாறியதோ தெரியாது.

பத்து நாள் கழித்து வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். சாலை முழுக்க வண்டி. சரிவில் புதிது புதிதாகப் பாதை விழுந்திருந்தது, எல்லாம் செடியை மிதித்து உண்டான பாதை. படம் எடுக்க நடுவில் உட்கார்ந்து எழுந்த இடங்கள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. தண்ணீர் பாட்டில்கள். இறங்கி வந்தவர்கள் கையில் கொத்துக் கொத்தாகப் பூ. என் மகள் கேட்டாள், "அப்பா, பறிச்சா மறுபடி பன்னிரண்டு வருஷம் கழிச்சு வருமா?" குறிஞ்சி ஒருமுறை பூத்து, விதை போட்டு, செத்துவிடும். அந்த விதைதான் அடுத்த பன்னிரண்டு வருஷத்துக்கு. விதையாகும் முன்னால் பறித்தால் அந்தச் செடியின் வம்சம் அத்தோடு போயிற்று. இதை அவளிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து காட்டுப் படங்களுக்கு நான் இடம் எழுதுவதில்லை. மாவட்டம், மாதம், அவ்வளவுதான். இங்கேயும் எல்லோரும் அப்படிச் செய்தால் நல்லது.

நடைவழி | ஆகஸ்ட் 13, இரவு 10.30

அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. இடம் தெரிந்ததால்தான் காப்பாற்றவும் ஆள் வந்தது. 2006-ல் மூணாறுப் பக்கம் குறிஞ்சி பூத்த வருஷம்தான் கேரள அரசு குறிஞ்சிமலை சரணாலயத்தை அறிவித்தது, அஞ்சல்துறை அஞ்சல்தலை வெளியிட்டது. 2022-ல் திருத்திய காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் செடிப் பட்டியலில் நீலக்குறிஞ்சியும் சேர்ந்திருக்கிறது. யாருமே படம் காட்டாமல் இருந்திருந்தால், அந்தப் புல்வெளியை வெறும் தரிசு என்று எழுதிவைத்துத் தைல மரம் நட்டிருப்பார்கள். எத்தனையோ மலையில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

போடிமெட்டு | ஆகஸ்ட் 14, காலை 7.00

அதுவும் உண்மைதான் தம்பி. நான் மறைக்கச் சொல்லவில்லை. யாரிடம் சொல்கிறோம் என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். வனத்துறைக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் சரியான இடம் தெரியட்டும். சனிக்கிழமை என்ன செய்யலாம் என்று தேடுகிறவருக்கு மாவட்டம் போதும்.

இலைமறை | ஆகஸ்ட் 14, காலை 8.20

இரண்டுக்கும் வழி இருக்கிறது. செடி, பறவை, விலங்குகளைப் பார்த்த விவரத்தைப் பொதுமக்கள் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படம் ஏற்றும்போது இடத்தை மங்கலாக்கு என்று தேர்ந்தெடுக்கலாம். பொதுப் பார்வைக்கு இருபது கிலோமீட்டர் போல அகலமான ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி மட்டும் தெரியும். சரியான இடம் பதிவில் பத்திரமாக இருக்கும். அழியும் நிலையில் உள்ளவை என்று குறித்த பல இனங்களுக்கு அந்தத் தளம் தானாகவே இதைச் செய்துவிடுகிறது. குறிஞ்சி பூத்த வருஷத்தைப் பதிவு செய்வது அவசியம். கள்ளிப்பாறையில் 2022, மூணாறில் 2018. அடுத்தது கள்ளிப்பாறையில் 2034, மூணாறில் 2030. ஒரே செடி, சரிவுக்குச் சரிவு கணக்கு வேறு.

வெளிச்சம் | ஆகஸ்ட் 14, காலை 10.15

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நாம் எழுதாவிட்டாலும் போன் எழுதிவிடும். கேமரா அமைப்பில் இருப்பிடம் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். காட்டுக்குள் போகும் முன்னால் அணைத்துவிடுங்கள்.

தாமிரபரணிக்கரை | அம்பாசமுத்திரம் | ஆகஸ்ட் 16, மாலை 4.40

இதையெல்லாம் படித்துவிட்டு என் வீட்டுத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பின்கட்டில் தேக்கங்கன்று ஒன்று, ஆள் உயரம். அதில் தையல்சிட்டு கூடு கட்டியது. இரண்டு இலையைச் சேர்த்து ஓரத்தில் துளை போட்டு, பஞ்சு நூலால் தைத்து, ஒவ்வொரு துளைக்கு வெளியிலும் பஞ்சைச் சின்ன முடிச்சாக உருட்டி விட்டிருந்தது. உள்ளே மூன்று குஞ்சு. மேலே ஒரு பெரிய இலை குடை மாதிரி மறைத்துக்கொண்டிருந்தது. படத்துக்கு வெளிச்சம் வரட்டும் என்று அந்த இலையைத் துணி கிளிப்பால் ஒதுக்கிப் பிடித்து எடுத்தேன். அழகான படம், குஞ்சுகளின் வாய்க்குள் மஞ்சள் தெரிந்தது. அதற்குள் அடுப்படியில் கூப்பிட்டார்கள், கிளிப்பை எடுக்க மறந்து போய்விட்டேன். மறுநாள் காலையில் செம்போத்து வந்துவிட்டுப் போயிருந்தது. கூடு காலி. தாய்ச்சிட்டு இரண்டு நாள் அந்தக் கன்றைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது.

அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். முட்டை பொரிய பன்னிரண்டு நாள், பிறகு பறக்க இரண்டு வாரம், அவ்வளவுதான். அதுவரை தூரத்திலிருந்து பாருங்கள். பறந்து போன பிறகு வெறும் கூட்டை எடுக்கலாம். இந்த வருஷம் அப்படித்தான் எடுத்தேன், தையல் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

படம்: காய்ந்த இலைக்கூடு, உள்ளங்கையில்.

பூக்காரவீதி | ஆகஸ்ட் 16, மாலை 6.05

மனசு கனத்துவிட்டது அக்கா. எங்கள் நந்தியாவட்டையில் இப்போது ஒரு கூடு இருக்கிறது, பையன் தினமும் கிளையை விலக்கிப் பார்க்கிறான். இப்போதே போய்ச் சொல்கிறேன்.

மாடிப்பந்தல் | ஆகஸ்ட் 21, இரவு 11.15

இரண்டாவது மொட்டு இன்று விரிந்தது.

படம் 1: மாலை 6.00. மொட்டும் தட்டைத் தண்டும். காது இல்லை, நானே பார்த்துவிட்டேன்!
படம் 2: 9.10.
படம் 3: 10.20. முழுப் பூ.

வெளிச்சம் தம்பி, படம் 3-ஐப் பெரிதாக்கிப் பாருங்கள். நரம்பு தெரிகிறது. இதழின் அடியில் லேசாகப் பச்சை ஓடுவதும், நடுவில் நட்சத்திரம் மாதிரி இருக்கும் சூல்முடியின் விரல்கள் தனித்தனியாகப் பிரிவதும் தெரிகின்றன. வேட்டித்துணியை மடித்துப் பிடித்துக்கொண்டு அம்மா அரை மணி நேரம் பக்கத்தில் நின்றார். கவிழ்த்த வாளிமேல் போன். எட்டாவது படத்தில்தான் ஆடாமல் வந்தது. ஒருமுறைகூட ஃபிளாஷ் போடவில்லை.

பாட்டியால் இன்று படி ஏற முடியவில்லை. படத்தைக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். மணம் எங்கே என்று கேட்டார். மறுபடி மேலே வந்து ஒரு இதழை மட்டும் கிள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாளைக்கு நாலு தண்டு வெட்டிக் காயவைக்கப் போகிறேன். யாருக்கு வேண்டும்?

தாமிரபரணிக்கரை | ஆகஸ்ட் 21, இரவு 11.22

எனக்கு ஒன்று.

போடிமெட்டு | ஆகஸ்ட் 21, இரவு 11.30

எனக்கும் ஒன்று தங்கச்சி. மகள் கேட்கிறாள்.

இலைமறை | ஆகஸ்ட் 22, காலை 5.50

அடுத்த வாரம் மதுரை வருகிறேன் அம்மா, நேரிலேயே வாங்கிக்கொள்கிறேன். வெட்டிய முனை நன்றாகக் காயட்டும், ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும்.